மார்பகக் கதிர்வீச்சு சிகிச்சையில் குமட்டல்: காரணம் எங்கே இருக்கிறது?

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் கதிர்வீச்சு சிகிச்சை குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்குமா என்ற கேள்விக்கு மருத்துவ நூல்கள் தரும் விடை மிகச் சுருக்கமானது: அரிதாகவே உண்டாக்கும். விடை சரியானதுதான் என்றாலும், அதைப் புரிந்துகொள்ளும் விதத்தில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. 'மார்பகத்துக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் வாந்தி வராது' என்று உறுதியாக நம்பும் மருத்துவப் பணியாளர், குமட்டுகிறது என்று சொல்லும் பெண்ணின் பேச்சை மனக்கலக்கம் என்று ஒதுக்கிவிடுவது முதல் தவறு. 'கரண்ட் வைத்தால் வாந்தி வரத்தான் செய்யும்' என்று நோயாளியும் வீட்டாரும் தாமாகவே முடிவுகட்டி, வேறு காரணத்தால் வரும் வாந்தியையும் சிகிச்சையின் கணக்கில் எழுதிவிட்டு வாரக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பது இரண்டாவது தவறு. முதலாவது இரக்கமற்றது; இரண்டாவது சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், கதிர்வீச்சு எந்த வழியாகக் குமட்டலை எழுப்புகிறது என்பதையும், மார்பகத்தைக் குறிவைக்கும்போது அந்த வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதிர்வீச்சால் வரும் வாந்தியின் வாய்ப்பைப் பன்னாட்டுப் புற்றுநோய் மருத்துவ அமைப்புகள் நான்கு படிகளாக வகுத்திருக்கின்றன. உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு தரப்படும்போது, அதாவது எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன்னேற்பாடாகச் செய்யப்படும் சிகிச்சையில், வாந்தி ஏறத்தாழ உறுதி என்பதால் அது முதற்படியில் வைக்கப்பட்டுள்ளது. மேல்வயிறும், மூளையோடு முதுகுத்தண்டு முழுவதும் சேர்ந்த பகுதியும் இரண்டாம் படியில் அடங்கும். தலை, கழுத்து, நெஞ்சுக்கூடு, இடுப்புக்குழி ஆகியவை மூன்றாம் படி. கடைசிப் படியில் இரண்டே இடங்கள் இருக்கின்றன: கைகால்களும் மார்பகமும். இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால், கதிர் எந்தப் புற்றுக்குத் தரப்படுகிறது என்பதைவிட, அது உடலின் எந்தப் பரப்பைக் கடந்து போகிறது, வயிற்றுக்கு எவ்வளவு அருகில் போகிறது என்பதே வாந்தியைத் தீர்மானிக்கிறது என்பது புலப்படும். கடைசிப் படி என்பது வாய்ப்பு குறைவு என்பதைச் சொல்லுமே தவிர, வாய்ப்பே இல்லை என்று சொல்லாது.

குமட்டல், ஓக்காளம், வாந்தி ஆகிய மூன்றும் ஒரே தொடரில் வந்தாலும் தனித்தனி நிகழ்வுகள். குமட்டல் என்பது நோயாளி மட்டுமே உணரக்கூடிய, வெளியிலிருந்து யாராலும் அளக்க முடியாத ஓர் உணர்வு. வாயில் எச்சில் ஊறுவதும், முகம் வெளிறுவதும், வேர்ப்பதும் அதன் வெளிச் சாயல்கள் மட்டுமே. ஓக்காளம் என்பது எதுவும் வெளியே வராமல் உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் விட்டுவிட்டு இழுப்பது. வாந்தி என்பது இரைப்பையில் உள்ளது வாய்வழியே தள்ளப்படுவது. இவற்றை ஒருங்கிணைக்கும் நரம்பணுக்கள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கின்றன. முகுளத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதிக்கு, இரத்தத்தில் கலந்துள்ள நச்சுப் பொருள்களை நுகர்ந்து அறியும் திறன் உண்டு. மூளையின் மற்ற பகுதிகளை இரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பு அங்கே தளர்வாக இருப்பதே அதற்குக் காரணம். போரிசன், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தூண்டு மண்டலத்தைப் பற்றி 1950களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார்கள்.

கதிர்வீச்சு இந்த அமைப்பைப் பெரும்பாலும் குடல் வழியாகவே எழுப்புகிறது. உடலில் உள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடற்சுவரில்தான் இருக்கிறது. அதைச் சேமித்து வைத்திருக்கும் சிறப்புச் செல்களைக் கதிர் தாக்கும்போது, அவை செரோட்டோனினைச் சுற்றுப்புறத்தில் கொட்டிவிடுகின்றன. அருகில் முனை பரப்பியிருக்கும் வேகஸ் நரம்பு, அதாவது மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறு எனப் பல உறுப்புகளுக்குக் கிளை விடும் நீண்ட நரம்பு, அந்தச் செய்தியை முகுளத்துக்குக் கொண்டுபோகிறது. நரம்பின் முனையில் செரோட்டோனின் வந்து பொருந்தும் இடத்துக்கு 5-எச்.டி.3 ஏற்பி என்று பெயர். இந்த ஏற்பியை அடைத்துவிட்டால் செய்தி மேலே போகாது என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே, 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று இன்று ஊர்தோறும் மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓண்டான்செட்ரான் என்ற மருந்து.

எக்ஸ் கதிர் 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில், அதாவது 1897இலேயே, அந்தக் கதிர்களோடு புழங்குவோருக்கு வயிற்றுக் கோளாறு வருவதை டேவிட் வால்ஷ் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். தோலுக்கு மேலே மட்டுமே தீங்கு என்று நம்பப்பட்ட காலத்தில், உள்ளுறுப்புகளும் இந்தக் கதிரை உணர்கின்றன என்பதற்கு அது முன்னறிவிப்பாக அமைந்தது. கதிர் எவ்வளவு, எங்கே படுகிறது என்பதன் பங்கைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். கதிர்வீச்சின் அளவு கிரே என்ற அலகால் சொல்லப்படுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது ஒரு கிரே. அணு உலை விபத்து போன்ற நிகழ்வில் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 2 கிரே வாங்கிய மனிதர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பழைய முறையில் ஒரு நாளைக்குத் தரப்படுவதும் அதே 2 கிரேதான். ஆனால் அதை வாங்குவது மார்பகமும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே. எண் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாவதற்குக் காரணம், குடல் அந்தக் கதிரின் பாதையில் இல்லை என்பதுதான்.

பாதையில் முற்றிலும் இல்லையா என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டியது. நோயாளிகள் 'கரண்ட்' என்று சொன்னாலும், உடலுக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கருவியோ கோபால்ட் கருவியோ வெளியிலிருந்து ஆற்றல் மிகுந்த ஒளிக்கற்றையை அனுப்புகிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்த வேளையில் வலியோ சூடோ தெரிவதில்லை. மார்பகத்துக்கு இந்தக் கற்றை நேர்க்குத்தாகச் செலுத்தப்படாமல், நெஞ்சுக்கூட்டை உரசிக்கொண்டு போவதுபோல இரு பக்கங்களிலிருந்தும் சாய்வாகச் செலுத்தப்படுகிறது. நுரையீரலும் இதயமும் கூடியவரை தப்ப வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனினும் மார்பகத்தின் கீழ் எல்லையும் உதரவிதானத்தின் மேல் வளைவும் பல பெண்களுக்கு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வலப்பக்கத்தில் அந்த வளைவுக்குக் கீழே கல்லீரலின் உச்சியும், இடப்பக்கத்தில் இரைப்பையின் மேற்பகுதியும் இருப்பதால், கதிர் பாயும் பரப்பான புலத்தின் கீழ் ஓரம் தாழ்வாக அமையும்போது இந்த உறுப்புகளின் சிறு பகுதி கதிரை நேராகவே வாங்கலாம். நேராக வாங்காத இடத்திலும் சிதறிய கதிர் கொஞ்சம் போய்ச் சேரும். கற்றையைப் பல கோணங்களிலிருந்து வளைத்துச் செலுத்தும் புதிய முறைகளில் மார்பகத்தின் மீதான அளவு சீராக அமைந்தாலும், குறைந்த அளவுக் கதிர் அகலமான பரப்பில் பரவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒவ்வொரு பெண்ணின் சிகிச்சைத் திட்டமும் மற்றவரிடமிருந்து வேறுபடுகிறது. கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காத்த பின் தரப்படும் கதிர்வீச்சும், மார்பகத்தை முழுவதும் அகற்றிய பின் நெஞ்சுச் சுவருக்கும் காறை எலும்புக்கு மேலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துத் தரப்படும் கதிர்வீச்சும் பரப்பளவில் ஒன்றல்ல. நடு நெஞ்செலும்பை ஒட்டியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தால் பரப்பு இன்னும் பெரிதாகிறது. இடப்பக்க மார்பகத்துக்கு, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்திருக்கச் சொல்லி அந்த வேளையில் மட்டும் கதிரைச் செலுத்தும் முறை இப்போது பல மருத்துவமனைகளில் நடைமுறையில் உள்ளது. நுரையீரல் விரிந்து உதரவிதானம் கீழிறங்குவதால் இதயம் கற்றையிலிருந்து விலகுகிறது, வயிற்று உறுப்புகளும் கூடவே கீழே போகின்றன. தமக்கு எந்தப் பக்கம், எந்த முடிச்சுகள் வரை, மூச்சைப் பிடித்தா பிடிக்காமலா சிகிச்சை நடக்கிறது என்பதைக் கேட்டறிய நோயாளிக்கு முழு உரிமை உண்டு. குமட்டல் வந்தால், 'என் புலத்தில் இரைப்பையோ கல்லீரலோ எவ்வளவு சேர்ந்திருக்கிறது' என்று கேட்கலாம். கணினியில் இருக்கும் சிகிச்சைத் திட்டத்தைத் திறந்து பார்த்தால் மருத்துவருக்கு அதற்கு விடை தெரிந்துவிடும்.

சிகிச்சை நாள்களின் எண்ணிக்கையும் இந்தக் காலத்தில் மாறிவிட்டது. ஐந்து வாரங்களில் 25 தவணைகளாக 50 கிரே என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகள், மூன்று வாரங்களில் 15 தவணைகளாக 40 கிரே தருவது போதும் என்று காட்டின. 2020இல் வெளிவந்த ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வு, ஒரே வாரத்தில் 5 தவணைகளாக 26 கிரே தரும் முறையும் ஐந்தாண்டுக் கணக்கில் நோயைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கவில்லை என்று நிறுவியது. வெளியூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் பெண்ணுக்கு 25 பயணங்கள் 15 ஆகக் குறைவது, குமட்டலைப் பொறுத்தவரையிலும் சிறிய லாபமன்று.

இத்தாலியில் 45 சிகிச்சை மையங்களைச் சேர்ந்த 1,020 கதிர்வீச்சு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, எல்லா வகைப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ இருந்ததைக் கண்டது. வாந்தி எடுத்தவர்களைவிடக் குமட்டல் மட்டும் அனுபவித்தவர்கள் மிகுதி. ஆனால் வாந்திக்கு எதிரான மருந்து தரப்பட்டவர்கள் ஆறில் ஒருவர் அளவே. அதே குழுவின் ஆய்வுகளில், கதிர்ப் பரப்பு பெரிதாக இருப்பதும், மேல்வயிறு பாதையில் இருப்பதும், கீமோதெரபி பெற்றிருப்பதும் குமட்டலுக்கான காரணிகளாகத் தெரியவந்தன. மார்பகப் புற்றுநோயாளிகளைப் பொறுத்தவரை, இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதே கனமானது. காரணம், கதிர்வீச்சு மேசைக்கு வரும்போது அவர்களில் பலர் கீமோதெரபியைச் சில வாரங்களுக்கு முன்புதான் முடித்திருப்பார்கள்.

டாக்ஸோருபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய இரண்டையும் சேர்த்துத் தரும் கீமோதெரபி, வாந்தியைத் தூண்டுவதில் மிக வலுவான மருந்துச் சேர்க்கைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதைக் கடந்து வந்த உடல் அந்த அனுபவத்தை எளிதில் மறப்பதில்லை. 1955இல் ஜான் கார்சியாவும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அமெரிக்கக் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துச் செய்த சோதனை இதைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறது. காமா கதிர் பாயும் நேரத்தில் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் குடித்த எலிகள், பிறகு கதிர் எதுவும் இல்லாத நாள்களிலும் அந்த இனிப்பைத் தொட மறுத்தன. ஒரு சுவை, ஒரு முறை வயிற்றுக் கோளாறோடு இணைந்துவிட்டால், உடல் அந்தச் சுவையையே நஞ்சாகக் கருதத் தொடங்குகிறது என்ற உண்மை அறிவியலுக்கு முதலில் தெளிவாகத் தெரியவந்தது கதிர்வீச்சு ஆய்வின் வழியாகத்தான். 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன், கீமோதெரபிக்கு முன்பு புதிய சுவை கொண்ட ஐஸ்கிரீம் தரப்பட்ட குழந்தைகள் பின்னாளில் அதை விரும்பாமல் ஒதுக்கியதைக் காட்டி, இது மனிதர்களுக்கும் பொருந்தும் என்பதை நிறுவினார்.

கீமோதெரபி நடந்த அதே மருத்துவமனைக்கு, அதே வாயில் வழியாக, அதே கிருமிநாசினி வாடையை முகர்ந்துகொண்டு கதிர்வீச்சுக்கு வரும் பெண்ணுக்கு, மேசையில் படுப்பதற்கு முன்பே வாயில் எச்சில் ஊறுவதும் அடிவயிறு புரளுவதும் இந்தப் பழக்கிய எதிர்வினையால் நிகழலாம். இதற்கு முன்னுணர் குமட்டல் என்று பெயர் சொல்லலாம். சிகிச்சைக்குப் பின் வர வேண்டியது சிகிச்சைக்கு முன்பே வந்துவிடுவதே இதன் அடையாளம். இது நடிப்புமல்ல, மனத்தளர்ச்சியுமல்ல. கற்றுக்கொள்ளும் திறனுள்ள எந்த நரம்பு மண்டலமும் செய்யக்கூடியது. வழக்கமான வாந்தி மாத்திரைகள் இதில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பதால், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் மருத்துவர் பரிந்துரைக்கும் பதற்றத் தணிப்பு மருந்து ஆகியவை கைகொடுக்கின்றன. காத்திருக்கும் இடத்தை மாற்றிக்கொள்வதும், முன்பு கீமோ நாள்களில் உண்ட உணவை இந்த நாள்களில் தவிர்ப்பதும்கூடப் பயன் தருபவை. மிகவும் பிடித்த உணவைச் சிகிச்சைக்குச் சற்று முன்பு ஆறுதலுக்காக ஊட்டும் வழக்கம் பாசத்தால் வருவதே என்றாலும், அந்த உணவின் மீதே வெறுப்பு ஒட்டிக்கொள்ள வழிசெய்துவிடும். பிடித்ததைக் குமட்டல் இல்லாத வேளைக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

எதிர்பார்ப்பும் ஒரு காரணி என்பதை மறுக்க இயலாது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், டாக்ஸோருபிசின் தொடங்கவிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளிடம் முன்கூட்டியே கேட்டபோது, கடுமையான குமட்டல் வரும் என்று உறுதியாக எண்ணியவர்களுக்கே பின்னர் அது மற்றவர்களைவிடப் பன்மடங்கு வந்ததைக் கண்டு 2004இல் வெளியிட்டனர். இதை வைத்து 'நீ நினைப்பதால்தான் வருகிறது' என்று நோயாளியிடம் சொல்வதைப்போலப் பொறுப்பற்ற பேச்சு வேறில்லை. எதிர்பார்ப்பு ஒருவரின் குற்றமன்று; பக்கத்துப் படுக்கையில் பார்த்தது, அக்கம்பக்கத்தில் கேட்டது, முந்தைய மருந்து தந்த அனுபவம் ஆகியவற்றால் ஆனது அது. மருத்துவர் செய்ய வேண்டியது, முதல் நாளே, 'மார்பகக் கதிர்வீச்சில் வாந்தி அரிது, வந்தால் மருந்து இருக்கிறது, வந்ததைச் சொல்லுங்கள்' என்ற மூன்று செய்திகளையும் சேர்த்துச் சொல்வதுதான். முதல் செய்தியை மட்டும் சொன்னால் வாந்தி எடுத்த பெண் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்.

கதிரையும் கீமோவையும் தாண்டி, அன்றாடக் காரணங்களும் உண்டு. மார்பகக் கதிர்வீச்சுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டிய தேவையில்லை. ஆனால் ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பட்டினி கிடந்து பழகியவர்கள் இதற்கும் அப்படியே வந்து, பேருந்தில் இரண்டு மணி நேரமும் வரிசையில் இன்னும் இரண்டு மணி நேரமும் கழித்து, திரும்பும் வழியில் மஞ்சளாகக் கசப்போடு வாந்தி எடுக்கிறார்கள். அந்தக் கசப்பு, உணவு இல்லாத இரைப்பைக்குள் சிறுகுடலிலிருந்து ஏறிவந்த பித்தநீர். கதிரின் சூடு பித்தத்தைக் கிளப்பிவிட்டது என்று வீட்டில் சொல்லப்படும் விளக்கம் பொருந்தாது. அறுவைக் காயத்தின் வலிக்காகத் தரப்பட்ட டிரமடால், இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவுக்கான மெட்பார்மின், சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தே குமட்டலைத் தரக்கூடியவை. மூன்று நாள்களாக மலம் கழியாமல் இருப்பதும் வயிற்றைப் புரட்டும். கீமோதெரபியோடு பெற்ற ஸ்டீராய்டு மருந்தும் வலி மாத்திரைகளும் இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம். காறை எலும்புப் பகுதிக்கும் கதிர் தரப்பட்டால் உணவுக்குழாய் சிவந்து, விழுங்கும்போது வலியும் எதுக்களிப்பும் வரும். அதைக் குமட்டல் என்று நோயாளி சொல்வது இயல்பு, மருந்தோ வேறு.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய வாந்திகள் தனி வகை. காலையில் எழுந்ததும் தலைவலியோடு, குமட்டல் முன்னறிவிப்பு இல்லாமல் பீறிடும் வாந்தியும், கூடவே பார்வை இரட்டையாகத் தெரிவதும் தடுமாற்றமும் மூளையில் நோய் பரவியிருப்பதைச் சுட்டலாம். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், அரைத்தூக்க மயக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றோடு வரும் வாந்தி, இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி உயர்ந்திருப்பதன் அறிகுறி. எலும்பில் நோய் பரவிய பெண்களிடம் இது ஏற்படும், ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், காலம் தாழ்த்தினால் உயிருக்கே தீங்கு. நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு வரும் குமட்டல் மாரடைப்பாக இருக்கக்கூடும் என்பதை, குறிப்பாகப் பெண்களிடம் அது இந்த வடிவில் வருவதுண்டு என்பதால், மறக்கலாகாது. குளிர்காய்ச்சல், கண் மஞ்சளாதல், வாந்தியில் இரத்தமோ காப்பித் தூள் போன்ற கருமையோ, ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகிய எதுவும் 'கரண்டால் வருவது' அல்ல. இளம் வயதுப் பெண்ணாக இருந்தால் கருவுற்றிருக்கும் வாய்ப்பையும் கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும். கதிர்வீச்சு தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இத்தகைய காரணங்கள் எதுவும் இல்லை என்று தெரிந்த பின், கதிர்வீச்சால் வந்த குமட்டலுக்கு மருந்து எளிது. கடைசிப் படியில் உள்ள சிகிச்சை என்பதால், எல்லோருக்கும் முன்கூட்டியே மாத்திரை தரும் வழக்கம் இதில் இல்லை. அறிகுறி வந்த பின் தருவதே பரிந்துரைக்கப்படும் முறை. ஓண்டான்செட்ரானோ, டோபமைன் என்ற வேறொரு வேதிப்பொருளின் ஏற்பியைத் தடுக்கும் டாம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்றவையோ தரப்படும். வழக்கமாகக் கதிர் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் குமட்டல் எழுகிறது என்று தெரிந்தால், சிகிச்சைக்கு முன்பே மாத்திரையை விழுங்கிவிட்டு வரும்படி நேரத்தை மாற்றியமைப்பதே பாதிப் பயனைத் தரும். ஆனால் இவை கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கத் தக்கவை அல்ல. ஓண்டான்செட்ரான் மலச்சிக்கலையும் தலைவலியையும் தரும். மலச்சிக்கலே மறுபடியும் குமட்டலை வளர்க்கும் என்பதால், மாத்திரையின் எண்ணிக்கை கூடக்கூட நிலைமை மோசமாவதும் உண்டு. ஓண்டான்செட்ரானும் டாம்பெரிடோனும் இதயத் துடிப்பின் மின்னோட்டச் சீரைக் குலைக்கக்கூடியவை. இதயத்தைப் பாதிக்கும் கீமோ மருந்துகளைப் பெற்றவர்களிடம் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். மெட்டோகுளோபிரமைடு சிலருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும் தசைப்பிடிப்பை உண்டாக்கும்.

வீட்டுச் சமையலறையில் உள்ளவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டலில் இஞ்சி ஓரளவு பயன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மார்பகக் கதிர்வீச்சில் அதற்கு அத்தகைய வலுவான சான்று இல்லாவிட்டாலும், சுக்குத் தண்ணீரும் இஞ்சித் துவையலும் உணவின் அளவில் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் இஞ்சி மாத்திரைகளையும் பொடிகளையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கலாகாது. சிகிச்சைக்குப் புறப்படும் முன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ உண்பதும், மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரிப்பதும், தாளிப்பு மணம் பரவும் நேரத்தில் அடுப்படியை விட்டு விலகியிருப்பதும், ஆறிய உணவை உண்பதும் பலருக்கும் உதவுகின்றன. சூடான உணவு கிளப்பும் வாடையே குமட்டலைத் தூண்டுகிறது. மோரும், எலுமிச்சை பிழிந்து உப்பிட்ட நீரும், நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்ட மோர்சாதமும் உள்ளே இறங்கும் நாள்களில் அவற்றையே தாராளமாகத் தரலாம். வாந்தி எடுத்தவருக்கு நீரிழப்பு ஏற்படாமல் இருக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசலை மடக்கு மடக்காகக் கொடுப்பது போதுமானது. பத்தியம் என்று சொல்லி முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது மட்டும் பெருந்தவறு. தோலும் தசையும் தம்மைத் தாமே சீர்செய்துகொள்ளும் வாரங்களில் புரதம் குறைவது, குமட்டல் செய்வதைவிடக் கூடுதலான தீங்கைச் செய்கிறது.

அளவிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாந்தியை எண்ணிவிடலாம், குமட்டலை எண்ண முடியாது. அதனால் மருத்துவர்கள் அதன் விளைவைக் கொண்டு தரம் பிரிக்கிறார்கள்: பசி குறைந்தும் உண்ணும் முறை மாறவில்லை என்றால் முதல் தரம், உண்ணும் அளவு குறைந்தும் எடையோ நீர்ச்சத்தோ குறையவில்லை என்றால் இரண்டாம் தரம், உண்பதும் குடிப்பதும் உடலுக்குப் போதாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் மூன்றாம் தரம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண்ணின் உணவளவு குறைந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை என்பதால், இந்தத் தரப்பிரிப்பு நம் வீடுகளில் பிந்தியே உண்மையைச் சொல்கிறது. குமட்டல் எந்த நேரத்தில் எழுந்தது, கதிருக்கு முன்பா பின்பா, எந்த மாத்திரைக்குப் பிறகு, கடைசியாக மலம் கழிந்தது எப்போது, அன்று என்ன உண்டார் என்பவற்றை ஒரு பழைய நோட்டில் நாள்தோறும் இரண்டு வரி எழுதிவைத்து, வாரம் ஒருமுறை நடக்கும் மருத்துவர் சந்திப்பில் காட்டினால், பத்து நிமிடப் பேச்சில் வெளிவராத காரணம் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கதிர்வீச்சே காரணமாக இருந்தால், சிகிச்சை முடிந்த ஓரிரு வாரங்களில் குமட்டல் தானாக அடங்கும்; களைப்பும் தோலின் கருமையும் அதைவிட நீண்ட நாள் இருக்கும். அடங்காமல் தொடர்ந்தாலோ, முடிந்து சில வாரங்கள் கழித்துப் புதிதாகத் தொடங்கினாலோ, வேறு காரணத்தைத் தேட வேண்டும். அந்தக் காலத்தில்தான் ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுநோயாளிகளுக்குத் தமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோசோல் மாத்திரை தொடங்கப்படுவது வழக்கம். தமாக்ஸிஃபென் குமட்டலைத் தரக்கூடியது என்பதையும், இரவு உணவுக்குப் பின் விழுங்கினால் அது பெரும்பாலும் தணியும் என்பதையும் முன்பே சொல்லாவிட்டால், கதிரின் மிச்சமே இன்னும் உடலில் இருப்பதாக எண்ணும் பெண், மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார். நோய் திரும்பாமல் காக்கும் அந்த மாத்திரை குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டியது. குமட்டல் தாங்கவில்லை என்றால் நேரத்தை மாற்றவோ வேறு மருந்துக்கு மாறவோ வழி இருக்கிறது, அதற்கு மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.